கார்டில் கொடுத்த பணத்துக்கு 1099 யார் அனுப்புவது? அமெரிக்காவில் தொழில் நடத்துவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அமெரிக்காவில் மளிகைக் கடை, உணவகம், ஐடி கன்சல்டிங், நடனப் பள்ளி, தமிழ்ச் சங்கம் என்று எதை நடத்தினாலும், ஜனவரி பிறந்ததும் எழும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். 1099 என்பது, ஊழியர் அல்லாத கான்ட்ராக்டர் போன்றவருக்குக் கொடுத்த பணத்தை அவருக்கும் அமெரிக்க வருமான வரித்துறையான ஐஆர்எஸ்-க்கும் தெரிவிக்கும் படிவம். திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை, கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். முதல் ஆறு கேள்விகளைப் படித்துவிட்டால் மற்றவை எளிதில் புரியும்.

கான்ட்ராக்டருக்கு முழுப் பணமும் கிரெடிட் கார்டுலதான் கொடுத்தேன். நான் 1099 அனுப்பணுமா?

வேண்டாம். கார்டில் போன பணத்தை ஐஆர்எஸ்-க்குத் தெரிவிக்கும் பொறுப்பு உங்களுடையது அல்ல. கான்ட்ராக்டருக்காகக் கார்டு வசூலைக் கையாளும் நிறுவனம்தான் அதைச் செய்ய வேண்டும். இரண்டு பேரும் தெரிவித்தால் ஒரே பணம் அவர் பேரில் இரண்டு தடவை ஏறிவிடும். அதனால்தான், ஒரு தொகை 1099 விதியிலும் கார்டு விதியிலும் வந்தால் கார்டு விதியே செல்லும் என்று வரி ஒழுங்குமுறையில் எழுதியிருக்கிறார்கள்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். "இந்தக் கான்ட்ராக்டருக்கு 1099 உண்டா, இல்லையா" என்று ஆளை வைத்து முடிவு செய்யக் கூடாது. அவருக்குக் கொடுத்த ஒவ்வொரு தொகையும் எந்த வழியில் போனது என்று பார்க்க வேண்டும். பெரும்பாலான குழப்பங்கள் இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன.

அப்போ கார்டு கம்பெனி என்ன அனுப்பும்?

1099-கே என்ற படிவம். 2008-இல் வந்த ஒரு சட்டத்தின் வழியாக இது உருவாகி, 2011-ஆம் ஆண்டு வரவுகளிலிருந்து நடைமுறைக்கு வந்தது. கார்டு இயந்திரத்தையோ ஆன்லைன் வசூலையோ கையாளும் நிறுவனம், கான்ட்ராக்டரின் ஆண்டு மொத்தக் கார்டு வரவை அதில் எழுதி அவருக்கும் ஐஆர்எஸ்-க்கும் அனுப்புகிறது. மொத்தத் தொகை 1ஏ பெட்டியில் இருக்கும். 5ஏ முதல் 5எல் வரை மாதவாரியாகப் பிரித்திருப்பார்கள்.

அதில் உங்கள் பெயர் வராது. எல்லா வாடிக்கையாளர்களின் பணமும் சேர்ந்த ஒரே தொகைதான் இருக்கும். ஆகவே "என் பணம் அதில் வந்திருக்கிறதா" என்று நீங்கள் சரிபார்க்க வழியில்லை, சரிபார்க்க வேண்டியதும் இல்லை.

செக்கில் கொடுத்தா எவ்வளவுக்கு மேலே 1099 வேணும்? 600-னு சிலர் சொல்றாங்க, 2,000-னு சிலர் சொல்றாங்க.

இரண்டும் சரி, ஆண்டுதான் வேறு. 2025 டிசம்பர் 31 வரை கொடுத்த பணத்துக்கு வரம்பு 600 டாலர். 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான "ஒன் பிக் பியூட்டிஃபுல் பில்" சட்டம், 2026 ஜனவரி 1 முதல் கொடுக்கும் பணத்துக்கு அதை 2,000 டாலராக உயர்த்தியது. 2027-இலிருந்து விலைவாசியைப் பொறுத்து அது மாறும்.

இந்த வரம்பு பில்லுக்குப் பில் பார்ப்பதல்ல. ஓர் ஆண்டில் ஒருவருக்குச் செக், ரொக்கம், ஏசிஹெச், வயர், ஸெல் (கடைசி மூன்றும் வங்கிக் கணக்குப் பரிமாற்றங்கள்) ஆகிய வழிகளில் போனதையெல்லாம் கூட்டிப் பார்க்க வேண்டும். தனிநபரின் சேவைக்குக் கொடுத்த பணத்துக்கான படிவம் 1099-என்இசி. 2019 வரை இது, வாடகை போன்ற பல்வகைப் பணத்துக்கான 1099-மிஸ்க் படிவத்தின் 7-ஆம் பெட்டியில் இருந்தது, 2020-ஆம் ஆண்டுக் கணக்கிலிருந்து தனிப் படிவமானது. பழைய பழக்கத்தில் இன்னமும் மிஸ்க் படிவத்தில் எழுதுகிறவர்கள் உண்டு. அது தவறு.

டெபிட் கார்டு என் பேங்க் அக்கவுண்ட்லேருந்துதானே போகுது? அது செக் மாதிரியா, கார்டு மாதிரியா?

கார்டுதான். பணம் எந்தக் கணக்கிலிருந்து போகிறது என்பது பொருட்டல்ல. கான்ட்ராக்டர் அதைக் கார்டாக ஏற்றுக்கொண்டாரா என்பதே கேள்வி. கிரெடிட், டெபிட், நிறுவனங்களின் கொள்முதல் கார்டு, ப்ரீபெய்டு கார்டு எல்லாம் ஒரே கணக்கு. கார்டைத் தேய்க்காமல் ஃபோனில் எண்ணைச் சொல்லிக் கொடுத்தாலும் அது கார்டு பரிவர்த்தனைதான்.

ஸெல், வென்மோ, பேபால்ல அனுப்பினா?

ஸெல் என்பது வங்கிக்கு வங்கி பணத்தை நகர்த்தும் வழி மட்டுமே. அது 1099-கே அனுப்புவதில்லை. ஆகவே ஸெல்லில் போன தொகையைச் செக்கில் போனதாகவே வைத்து நீங்கள்தான் 1099-என்இசி-யில் காட்ட வேண்டும். சிறு தொழில்களில் அதிகமாக விட்டுப்போவது இதுதான். "ஆப் வழியாகத்தானே அனுப்பினேன்" என்று கார்டோடு சேர்த்துவிடுகிறார்கள்.

பேபாலிலும் வென்மோவிலும் இரண்டு பாதைகள் இருக்கின்றன. பொருள்-சேவைக்கான பாதையில் அனுப்பினால் அந்த நிறுவனங்களே 1099-கே விதிக்குள் வரும், உங்களுக்கு வேலை இல்லை. "நண்பர்கள்-குடும்பம்" பாதையில் அனுப்பினால் அது தனிப்பட்ட பணமாகவே பதிவாகும், 1099-கே கணக்கில் ஏறாது. அப்போது நீங்கள் 1099-என்இசி அனுப்ப வேண்டும். கட்டணத்தைத் தவிர்க்கவே பலர் இந்தப் பாதையைக் கேட்கிறார்கள். தொழில் கணக்கில் அதைப் பழக்கமாக்காதீர்கள்.

ஒரே ஆளுக்குப் பாதி செக், பாதி கார்டு. என்ன பண்ணணும்?

கார்டுப் பகுதியை ஒதுக்கிவிட்டு மீதியை மட்டும் வரம்போடு ஒப்பிடுங்கள். உணவகத்தின் குளிர்சாதனத்தைப் பழுதுபார்ப்பவருக்கு 2025-இல் கார்டில் 4,000 டாலரும் செக்கில் 1,500 டாலரும் கொடுத்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 1,500 என்பது 600-ஐத் தாண்டுகிறது, அதனால் 1,500-க்கு மட்டும் 1099-என்இசி. முதல் பெட்டியில் 5,500 என்று எழுதக் கூடாது.

இதே தொகைகளை 2026-இல் கொடுத்திருந்தால் 1,500 புதிய வரம்பான 2,000-க்குக் கீழே இருக்கிறது. படிவமே வேண்டாம்.

எல்லாமே கார்டுலதான் கொடுப்பேன். அப்போ டபிள்யூ-9 எதுக்கு வாங்கணும்?

டபிள்யூ-9 என்பது கான்ட்ராக்டர் தன் பெயரையும் வரி எண்ணையும் எழுதி உங்களிடம் தரும் படிவம். அதை வாங்குவது கட்டாயம் இல்லை. ஆனால் வாங்கி வையுங்கள். ஆண்டு முழுக்கக் கார்டிலேயே கொடுத்துவந்தவர் டிசம்பரில் "மெஷின் வேலை செய்யவில்லை, ஸெல்லில் அனுப்புங்கள்" என்று கேட்பது அடிக்கடி நடக்கிறது. அந்த ஒரு தொகை வரம்பைத் தாண்டினால் ஜனவரியில் அவருடைய வரி எண் தேவைப்படும். வேலை முடிந்து பணமும் கைக்குப் போன பிறகு அவர் உங்கள் ஃபோனை எடுப்பார் என்று நம்பியிருக்க முடியாது. முதல் பணம் கொடுப்பதற்கு முன்பே டபிள்யூ-9 கையில் இருக்க வேண்டும்.

டபிள்யூ-9-ல என்ன பார்க்கணும்?

மூன்று இடங்கள். முதல் வரியில் உள்ள பெயர், வரி வகைப்பாட்டுப் பெட்டி, கீழே உள்ள எண். சி கார்ப்பரேஷன் அல்லது எஸ் கார்ப்பரேஷன் என்று டிக் அடித்திருந்தால் பொதுவாக 1099-என்இசி வேண்டாம், செக்கில் கொடுத்திருந்தாலும் சரி. தனிநபர், பார்ட்னர்ஷிப் என்றால் வேண்டும்.

எல்எல்சி (வரையறுக்கப்பட்ட பொறுப்புள்ள நிறுவனம்) என்ற பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். எல்எல்சி எப்படி வரி கட்டுகிறது என்பதுதான் முக்கியம். கார்ப்பரேஷனாக வரி கட்டுவதாகக் குறித்திருந்தால் 1099 வேண்டாம், பார்ட்னர்ஷிப்பாகக் குறித்திருந்தால் வேண்டும். ஒருவரே உரிமையாளராக இருந்து, தனியாக வரி கட்டாத எல்எல்சி என்றால் முதல் வரியில் உரிமையாளரின் பெயரும் இரண்டாவது வரியில் எல்எல்சி பெயரும் வர வேண்டும். எண்ணும் உரிமையாளருடையதாகவே இருக்க வேண்டும். எல்எல்சி பெயரையும் உரிமையாளரின் சோஷியல் செக்யூரிட்டி எண்ணையும் ஒட்டவைத்துத் தாக்கல் செய்தால், பெயரும் எண்ணும் பொருந்தவில்லை என்று ஐஆர்எஸ்-இலிருந்து சிபி2100 நோட்டீஸ் வரும். 1099 அனுப்பும் நிறுவனங்களுக்காக ஐஆர்எஸ் இலவசமாக வைத்திருக்கும் வரி எண் சரிபார்ப்புச் சேவையில் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளலாம்.

வக்கீல் ஆபீஸ் கார்ப்பரேஷன்தான். அவங்களுக்கும் வேண்டாம்தானே?

வேண்டும். மேலே சொன்ன கார்ப்பரேஷன் விலக்கு வக்கீல்களுக்குக் கிடையாது. உங்களுக்காகச் செய்த வேலைக்கான கட்டணம் 1099-என்இசி-யில் வரும். வழக்குத் தீர்வுத் தொகை போல வக்கீல் வழியாகப் போகும் பணம் 1099-மிஸ்க் 10-ஆம் பெட்டியில் வரும். மருத்துவச் சேவைக்குக் கொடுத்த பணமும் இப்படித்தான், கார்ப்பரேஷன் என்றாலும் மிஸ்க் 6-ஆம் பெட்டி. கார்டில் கொடுத்திருந்தால் இவர்களுக்கும் முதல் கேள்வியின் பதிலே பொருந்தும்.

சரக்கு சப்ளை பண்றவருக்கு?

பொருளுக்கு மட்டும் கொடுத்த பணத்துக்கு 1099-என்இசி கிடையாது, எந்த வழியில் கொடுத்தாலும். அரிசி மூட்டை, அட்டைப் பெட்டி, லேப்டாப் எதற்கும் தேவையில்லை.

சேவையோடு பொருளும் சேர்ந்துவரும்போதுதான் யோசிக்க வேண்டும். பிளம்பர் 1,800 டாலர் பில்லில் 300 டாலருக்குக் குழாயும் வால்வும் சேர்த்திருந்தால், அவை வேலைக்குத் துணையாக வந்தவை. முழு 1,800-உம் கணக்கில் வரும்.

கடை வாடகை?

1099-மிஸ்க் முதல் பெட்டி, வரம்பு சேவைக்குச் சொன்னதே. வாடகையை ரியல் எஸ்டேட் ஏஜென்டிடமோ சொத்து மேலாண்மை நிறுவனத்திடமோ கொடுத்தால் உங்களுக்கு வேலை இல்லை. உரிமையாளருக்குத் தெரிவிப்பது அவர்கள் பொறுப்பு. உரிமையாளர் கார்ப்பரேஷன் என்றாலும், வாடகை கார்டில் போனாலும் வேண்டாம்.

கான்ட்ராக்டர் வரி நம்பரே தர மாட்டேங்கிறார். கார்டுல கொடுத்துட்டா தப்பிச்சுக்கலாமா?

கார்டில் கொடுத்தால் தெரிவிக்கும் பொறுப்பு உண்மையாகவே உங்களைவிட்டுப் போகிறது. அது சட்டத்துக்கு உட்பட்டதுதான். கார்டு வசூல் கணக்கைத் திறக்கும்போதே அவர் அந்த நிறுவனத்துக்குத் தன் வரி எண்ணைக் கொடுத்திருக்க வேண்டும்.

செக்கிலோ ஸெல்லிலோ கொடுப்பதாக இருந்தால், எண் தராதவரின் பணத்தில் 24 சதவீதத்தைப் பிடித்து ஐஆர்எஸ்-க்குக் கட்ட வேண்டும். இதற்கு பேக்அப் வித்ஹோல்டிங் என்று பெயர். 3,000 டாலர் பில்லுக்கு 2,280 அவருக்கு, 720 அரசுக்கு. பிடித்ததை 945 படிவத்தில் காட்ட வேண்டும், 1099-என்இசி 4-ஆம் பெட்டியிலும் எழுத வேண்டும். பிடிக்காமல் முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டால் அந்த 24 சதவீதத்தை உங்களிடமே கேட்கலாம். இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் டபிள்யூ-9 பெரும்பாலும் அன்றே வந்துவிடும்.

நாங்க லாபத்துக்கு நடத்தல, தமிழ்ச் சங்கம். எங்களுக்கும் இதெல்லாம் உண்டா?

உண்டு. இந்தப் படிவங்களைப் பொறுத்தவரை லாப நோக்கற்ற அமைப்புகளையும் தொழில் நடத்துபவையாகவே ஐஆர்எஸ் கருதுகிறது. பொங்கல் விழாவுக்கு ஒலி-ஒளி அமைத்தவர், புகைப்படக்காரர், டிஜே, சமையல் கான்ட்ராக்டர் எல்லோரும் இதில் அடக்கம். சங்கப் பணம் பெரும்பாலும் ஸெல்லில்தான் போகிறது என்பதால் கடைக்காரர்களைவிடப் பொருளாளர்களுக்கே இதில் வேலை அதிகம்.

விழாவுக்கு எடுத்த பள்ளிக்கூட அரங்கம் அரசுப் பள்ளியுடையது என்றாலோ, வரிவிலக்குப் பெற்ற அமைப்புடையது என்றாலோ அந்த வாடகைக்கு 1099 வேண்டாம். பொருளாளர் ஆண்டுதோறும் மாறுகிறார் என்றால் டபிள்யூ-9 கோப்பைப் புதியவரிடம் ஒப்படைப்பது சங்க நடைமுறையில் இருக்க வேண்டும். பதவி மாறும் நேரமும் படிவக் கெடுவும் ஒரே ஜனவரியில் மோதுகின்றன.

வீட்டு அடித்தளத்தை 30,000 டாலருக்குச் செய்து முடிச்சோம். செக்கில் கொடுத்தோம். 1099?

சொந்த வீட்டு வேலை தொழில் சார்ந்த செலவு அல்ல. வேண்டாம்.

1099-கே-க்கு 20,000 டாலர் வரம்பு இருக்காமே? என் கான்ட்ராக்டர் அவ்வளவு சம்பாதிக்கல. அப்போ யாருமே தெரிவிக்க மாட்டாங்களே, நான் அனுப்பணுமா?

அனுப்ப வேண்டாம். முதலில் அந்த வரம்பைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நேரடிக் கார்டு பரிவர்த்தனைக்குக் குறைந்தபட்ச வரம்பே கிடையாது. பேபால் போன்ற இடைநிலை நிறுவனங்களுக்குத்தான் வரம்பு. 20,000 டாலருக்கு மேலும், 200 பரிவர்த்தனைக்கு மேலும், இரண்டும் சேர்ந்தால்தான் அவை 1099-கே அனுப்ப வேண்டும். 2021-இல் இதை 600 டாலராகக் குறைத்துச் சட்டம் வந்தது. ஐஆர்எஸ் அதை ஆண்டுதோறும் தள்ளிப்போட்டு, 2024-க்கு 5,000 என்று ஓர் இடைவரம்பு வைத்தது. கடைசியில் 2025-இன் சட்டம் பழைய 20,000-200 விதியையே முன்தேதியிட்டுத் திரும்பக் கொண்டுவந்தது. சில மாநிலங்களுக்குத் தனி வரம்பு உண்டு. மாசச்சூசெட்ஸ், வெர்மான்ட் போன்றவற்றில் அது 600 டாலர்.

உங்கள் கேள்விக்கு நேரான பதிலும் ஒழுங்குமுறையில் இருக்கிறது. இடைநிலை நிறுவனத்தின் வழியாகப் போன தொகை 1099-கே வரம்பை எட்டாவிட்டாலும், பணம் கொடுத்தவர் அதை 1099-என்இசி-யில் சேர்க்க வேண்டியதில்லை. கான்ட்ராக்டருக்கு எந்தப் படிவமும் வராமல் போகலாம். வருமானத்தைத் தன் கணக்கில் காட்ட வேண்டிய கடமை அதனால் அவருக்குக் குறைவதில்லை.

பில் கட்டும் சேவையில என் கிரெடிட் கார்டைக் கொடுத்தேன். அவங்க கான்ட்ராக்டருக்குச் செக் அனுப்பிட்டாங்க. இது எதுல சேரும்?

இங்கே உங்கள் கார்டை ஏற்றுக்கொண்டது அந்தச் சேவை நிறுவனம்தான், கான்ட்ராக்டர் அல்ல. அவர் கையில் வந்தது செக் அல்லது வங்கிப் பணம். அந்த நிறுவனம் கான்ட்ராக்டரின் பெயரில் 1099-கே தாக்கல் செய்கிறதா என்று எழுத்துமூலம் கேளுங்கள். செய்வதில்லை என்றால் அந்தத் தொகையைச் செக்காகவே எடுத்துக்கொண்டு நீங்களே 1099-என்இசி அனுப்புங்கள்.

கிரெடிட் கார்டு நிறுவனம் தரும் செக் தாள்கள் இதில் இன்னும் தெளிவு. கார்டுக் கணக்கோடு இணைந்த செக்கை எழுதிக் கொடுத்தால் அது கார்டு பரிவர்த்தனை அல்ல என்று ஒழுங்குமுறையே சொல்கிறது. அது சாதாரணச் செக்கைப் போல வங்கி வழியாகவே போகிறது. கார்டிலிருந்து ரொக்கம் எடுத்துக் கொடுப்பதும் அப்படித்தான்.

கான்ட்ராக்டர் என் கம்பெனி கார்டை எடுத்துட்டுப் போய் சாமான் வாங்கினார். அது அவருக்குக் கொடுத்த பணமா?

இல்லை. பணம் கடைக்குப் போனது, அவருக்கு அல்ல. அவர் தன் கைப்பணத்தில் வாங்கி ரசீதோடு கணக்குக் கொடுத்து, நீங்கள் அந்தத் தொகையைத் திருப்பிக் கொடுத்தாலும் அதை 1099-இல் சேர்க்க வேண்டியதில்லை. ரசீது இல்லாமல் "செலவுக்கு 500" என்று மொத்தமாகக் கொடுத்தால் அது சேரும்.

உங்கள் ஊழியர் தன் சொந்தக் கார்டில் கான்ட்ராக்டருக்குப் பணம் கட்டி, பிறகு உங்களிடம் வாங்கிக்கொண்டாலும் கான்ட்ராக்டருக்குப் போனது கார்டுப் பணம்தான். 1099 வேண்டாம்.

கூலிக்குப் பதிலா 700 டாலர் விசா கிஃப்ட் கார்டு கொடுத்தேன். அதுவும் கார்டுதானே?

அவர் அந்தக் கார்டைத் தன் இயந்திரத்தில் வைத்து வசூலிக்கவில்லை, கார்டையே கூலியாக வாங்கிக்கொண்டார். அது ரொக்கம் கொடுத்ததற்குச் சமம். 700 டாலரை மற்ற தொகைகளோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

கோயம்புத்தூர்ல இருக்கிற டெவலப்பருக்கு மாசாமாசம் பணம் அனுப்பறேன். அவருக்கு 1099 உண்டா?

அமெரிக்கக் குடிமகனோ கிரீன் கார்டு வைத்திருப்பவரோ இல்லாத ஒருவர், முழு வேலையையும் இந்தியாவிலிருந்தே செய்தால் 1099 கிடையாது, அமெரிக்க வரிப் பிடித்தமும் கிடையாது. டபிள்யூ-9-க்குப் பதிலாக, தான் வெளிநாட்டவர் என்று அவர் உறுதிகூறும் டபிள்யூ-8பென் படிவம் வாங்கி வையுங்கள். கம்பெனியாக இருந்தால் டபிள்யூ-8பென்-ஈ. பொதுவாக, கையெழுத்திட்ட ஆண்டுக்குப் பின் மூன்றாவது ஆண்டு முடியும்வரை அது செல்லும். வேலை எங்கிருந்து நடந்தது என்பதை ஒப்பந்தத்தில் ஒரு வரியாக எழுதி வைப்பது நல்லது.

அவர் அமெரிக்கா வந்து இரண்டு வாரம் உங்கள் அலுவலகத்தில் வேலை பார்த்தால் அந்த இரண்டு வாரப் பணத்துக்குக் கதை மாறிவிடும். அடுத்த பதிலைப் பாருங்கள்.

சங்க விழாவுக்கு ஊரிலிருந்து பாடகரை அழைச்சோம். அவருக்கு 1099-ஆ?

அல்ல. கச்சேரி அமெரிக்காவில் நடந்ததால் அது அமெரிக்க வருமானம், பெறுபவர் வெளிநாட்டவர். பொது விதிப்படி 30 சதவீதம் பிடித்து, மார்ச் 15-க்குள், வெளிநாட்டவருக்கான பிடித்தத்தைக் காட்டும் 1042 மற்றும் 1042-எஸ் படிவங்களைத் தாக்கல் செய்ய வேண்டும். இதற்கு 600, 2,000 போன்ற வரம்பு எதுவும் கிடையாது. வரி ஒப்பந்தச் சலுகை கேட்பதாக இருந்தால் பணம் கொடுப்பதற்கு முன்பே அதற்குரிய படிவத்தை அவர் தர வேண்டும்.

அமெரிக்காவில் உள்ள நிகழ்ச்சி ஏற்பாட்டாளரிடம் மொத்தமாக ஒப்பந்தம் போட்டுப் பணத்தை அவருக்குக் கொடுத்தால், உங்கள் படிவம் அவருக்குத்தான். அவரிடம் டபிள்யூ-9 வாங்குங்கள். பாடகருக்கான பிடித்தம் அவர் கையில் இருக்கும். இது யார் பொறுப்பு என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். விழா முடிந்து பாடகர் விமானம் ஏறிய பிறகு 30 சதவீதத்தை யாரிடமும் கேட்க முடியாது.

குவிக்புக்ஸ் கொடுக்கிற 1099 பட்டியலை அப்படியே அனுப்பலாமா?

அப்படியே வேண்டாம். கிரெடிட் கார்டுக் கணக்கிலிருந்து போன செலவை குவிக்புக்ஸ் போன்ற கணக்கு மென்பொருள் பெரும்பாலும் தானே கழித்துவிடும். டெபிட் கார்டுதான் சிக்கல். அது வங்கிக் கணக்கிலிருந்து போவதால், பணம் கொடுத்த முறையில் "டெபிட் கார்டு" என்று குறிக்காவிட்டால் செக்காக எண்ணிச் சேர்த்துக்கொள்ளும்.

எதிர்த் திசையிலும் தவறு நடக்கும். முதலாளி சொந்தப் பணத்தில் ரொக்கமாகக் கொடுத்ததை ஜர்னல் பதிவாகப் போட்டிருந்தால் அது பட்டியலுக்கு வராமலே போகலாம். ஆகவே டிசம்பர் கடைசி வாரத்தில் ஒவ்வொரு கான்ட்ராக்டருக்கும் தேதி, தொகை, கொடுத்த முறை என மூன்று நெடுவரிசையில் அறிக்கை எடுத்து, கார்டு பதிவுகளைக் கையால் அடித்துப் பாருங்கள். இருபது வெண்டருக்கு ஒரு மாலை வேலை. அதைவிட நல்லது, பதிவு போடும்போதே முறையைக் குறித்துவிடுவது.

டிசம்பர் 30 அன்னிக்குக் கார்டு தேய்ச்சேன், பில் ஜனவரியில வந்தது. எந்த வருஷம்?

தேய்த்த ஆண்டு. 1099-கே-யும் பரிவர்த்தனை நாளை வைத்துத்தான் தயாராகிறது. ஜனவரியில் கார்டு நிறுவனத்துக்கு நீங்கள் அனுப்பும் செக், கான்ட்ராக்டருக்குக் கொடுத்த செக் அல்ல. அதை இன்னொரு முறை எண்ணாதீர்கள்.

எப்படி, எப்போ தாக்கல் பண்றது?

1099-என்இசி கெடு ஜனவரி 31. கான்ட்ராக்டருக்கும் ஐஆர்எஸ்-க்கும் அதே நாள். அது வாரக் கடைசியில் விழுந்தால் அடுத்த வேலை நாள். 2026-ஆம் ஆண்டுப் பணத்துக்கு அது 2027 பிப்ரவரி 1. 1099-மிஸ்க் பெறுபவருக்குப் பொதுவாக ஜனவரி 31, ஐஆர்எஸ்-க்குத் தாளில் பிப்ரவரி 28, மின்வழியில் மார்ச் 31.

ஊழியர் சம்பளத்துக்கான டபிள்யூ-2 உட்பட எல்லா வகையும் சேர்த்துப் பத்துப் படிவம் வந்தால் மின்வழித் தாக்கல் கட்டாயம். ஆறு ஊழியரும் நான்கு கான்ட்ராக்டரும் இருந்தாலே பத்து ஆகிவிடும். ஐஆர்எஸ்-இன் ஐரிஸ் தளத்தில் இலவசமாகச் செய்யலாம், ஆனால் அதற்கு டிசிசி என்ற ஐந்தெழுத்துக் குறியீடு வேண்டும். அது வந்துசேர 45 நாள் வரை ஆகலாம் என்பதால் நவம்பரிலேயே விண்ணப்பியுங்கள். தாளில் அனுப்புவோர் மேலே, மொத்தச் சுருக்கமான 1096 படிவம் வைக்க வேண்டும். ஐஆர்எஸ்-க்குப் போகும், சிவப்பு மையில் அச்சான ஏ பிரதியை இணையத்திலிருந்து இறக்கி வீட்டு அச்சுப்பொறியில் எடுத்தால் செல்லாது.

அனுப்பாம விட்டா என்ன ஆகும்?

2026-இல் தாக்கல் செய்ய வேண்டிய படிவங்களுக்கு, 30 நாளுக்குள் தாமதம் என்றால் ஒன்றுக்கு 60 டாலர், ஆகஸ்ட் 1-க்குள் 130, அதன் பிறகு 340. வேண்டுமென்றே விட்டால் குறைந்தது 680. ஐஆர்எஸ் பிரதிக்குத் தனி, கான்ட்ராக்டர் பிரதிக்குத் தனி என்பதால் ஒரே ஆளுக்கு இரண்டு அபராதம் வரலாம்.

தனிநபர் தன் தொழிலின் லாப நஷ்டத்தைக் காட்டும் அட்டவணை சி-யில் "1099 அனுப்ப வேண்டிய பணம் கொடுத்தீர்களா, அனுப்பினீர்களா" என்று ஐ, ஜே வரிகளில் கேட்கிறார்கள். கையெழுத்திட்டுத் தரும் பதில் அது. தாமதமானாலும் அனுப்பிவிடுவதே நல்லது, தொகை நாளோடு ஏறுகிறது.

கார்டில் கொடுத்ததையும் சேர்த்து 1099-என்இசி அனுப்பிட்டேன். இப்போ?

திருத்தப் படிவம் அனுப்புங்கள். "கரெக்டட்" பெட்டியைக் குறித்து, சரியான தொகையை எழுதுங்கள். கார்டு தவிர வேறு எதுவுமே இல்லை என்றால் பூஜ்யம். முதலில் மின்வழியில் தாக்கல் செய்திருந்தால் திருத்தமும் அதே வழியில். கான்ட்ராக்டருக்கும் அன்றே ஒரு பிரதி. அவர் கணக்குத் தாக்கல் செய்வதற்கு முன் அது கைக்குப் போனால் அவருக்குப் பாதி தலைவலி குறையும்.

நான்தான் கான்ட்ராக்டர். 1099-கே-யும் வந்திருக்கு, அதே வேலைக்கு 1099-என்இசி-யும் வந்திருக்கு. ரெண்டையும் கூட்டி வரி கட்டணுமா?

வேண்டாம். உங்கள் கணக்குப் புத்தகத்தில் உள்ள வருமானத்தை ஒரு முறை காட்டினால் போதும். என்இசி அனுப்பியவரிடம் மேலே சொன்ன திருத்தத்தைக் கேளுங்கள். அவர் செய்யாவிட்டால் பில் எண், தேதி, தொகை, வந்த வழி, எந்தப் படிவத்தில் ஏறியிருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி, மின்னஞ்சலில் திருத்தம் கேட்டதற்கான சான்றோடு வைத்திருங்கள். படிவங்களின் கூட்டுத்தொகை உங்கள் கணக்கைவிடக் கூடுதலாக இருந்தால், கணக்கு பொருந்தவில்லை என்று ஐஆர்எஸ்-இலிருந்து சிபி2000 நோட்டீஸ் வரலாம். அந்தத் தாள்தான் உங்கள் பதில்.

1099-கே-ல 50,000-னு இருக்கு. என் அக்கவுண்டுக்கு வந்தது 48,300தான்.

1099-கே மொத்தத் தொகையைக் காட்டுகிறது. கார்டுக் கட்டணம், திருப்பிக் கொடுத்த பணம், வாடிக்கையாளர் தகராறு செய்து திரும்ப எடுத்த பணம் எதையும் கழிப்பதில்லை. வருமானமாக 48,300 என்று எழுதாதீர்கள். அட்டவணை சி முதல் வரியில் 50,000, திருப்பிக் கொடுத்தவை இரண்டாவது வரியில், கார்டுக் கட்டணம் 10-ஆவது வரியில் செலவாக. வரி கட்ட வேண்டிய லாபம் ஒன்றுதான், ஆனால் ஐஆர்எஸ் கையில் உள்ள எண்ணோடு உங்கள் முதல் வரி பொருந்தியிருக்கும். வசூல் நிறுவனத்தின் மாத அறிக்கைகளை இறக்கி வையுங்கள். அந்தக் கணக்கை மூடிவிட்டால் பிறகு அவற்றை எடுப்பது கடினம்.